கசடு படிந்த குழலும் கணக்குப் பார்த்த குண்டும்: விட்வொர்த் துப்பாக்கி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1857 ஏப்ரலில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹைத் ஊரின் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில், போர் அமைச்சர் லார்ட் பான்மியூரின் முன்னிலையில் இரண்டு துப்பாக்கிகள் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. ஒன்று, பிரிட்டிஷ் படைக்கு வழங்கப்பட்டு வந்த 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு. மற்றொன்று, மான்செஸ்டர் பொறியாளர் ஜோசஃப் விட்வொர்த் வடிவமைத்தது. இரண்டுமே வாய்வழியாகக் கெட்டிக்கப்படுபவை: மருந்தையும் குண்டையும் குழலின் முன்வாயில் இட்டு உள்ளே தள்ள வேண்டும். இரண்டின் ஈயக் குண்டும் 530 கிரெயின் எடை, அதாவது ஏறத்தாழ 34 கிராம். கருமருந்தும் ஏறத்தாழ ஒரே அளவுதான்: என்ஃபீல்டுக்கு இரண்டரை டிராம், அதாவது 68 கிரெயின், விட்வொர்த்துக்கு 70. ஆனால் 500 கெஜத் தொலைவில் என்ஃபீல்டின் குண்டுகள் தம் கூட்டத்தின் மையத்திலிருந்து சராசரியாக 2.24 அடி விலகி விழுந்தன. விட்வொர்த்தின் குண்டுகள் 0.37 அடிதான் விலகின. 800 கெஜத்தில் அந்தக் கணக்கு 4.20 அடிக்கு 1 அடி. 1,400 கெஜத்தில் என்ஃபீல்டின் குண்டு இலக்கில் பதியவே இல்லை; விட்வொர்த்தின் சராசரி விலக்கம் அங்கேயும் ஐந்து அடிக்குள் நின்றது.

இப்படி வென்ற துப்பாக்கியைப் படை ஏற்கவில்லை. ஏன் வென்றது, ஏன் ஏற்கப்படவில்லை என்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால்தான், வாய்வழித் துப்பாக்கி ஒன்றுக்குச் சரியான கெட்டிப்பை, அதாவது குண்டும் மருந்தும் பூச்சும் சேர்ந்த பொருத்தத்தை, கண்டறிவது எத்தகைய வேலை என்பது விளங்கும். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர் முதலில் கேட்பது "எத்தனை கிரெயின் மருந்து போட வேண்டும்?" என்பதுதான். என் கணிப்பில் அந்தக் கேள்வி வரிசையில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டியது. ஹைத் சோதனையில் மருந்தின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தும் விளைவு ஆறு மடங்கு வேறுபட்டது.

என்ஃபீல்டின் கெட்டிப்பு

என்ஃபீல்டு வீரர் ஒருவர் ஒரு முறை கெட்டிப்பதைக் கவனிப்போம். மருந்தையும் குண்டையும் ஒன்றாகச் சுற்றிய காகிதத் தோட்டாவை இடுப்புப் பையிலிருந்து எடுக்கிறார். அதன் மருந்து முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறார். மருந்தைக் குழலுக்குள் கொட்டுகிறார். தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பி, கொழுப்புப் பூசிய காகிதம் சுற்றிய குண்டைக் குழல்வாயில் வைத்து அழுத்துகிறார். எஞ்சிய காகிதத்தைக் கிழித்தெறிகிறார். கெஜக்கோல் என்னும் நீண்ட தள்ளுகோலால் குண்டை மருந்தின் மேல் உட்காரும்வரை தள்ளுகிறார். பிறகு துப்பாக்கியின் குதிரையை, அதாவது அடிக்கும் சுத்தியலை, பாதி இழுத்து, அடிபட்டதும் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் வெடித்தொப்பியைப் பொருத்துகிறார். பயின்ற வீரர் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை இதைச் செய்துவிடுவார்.

இந்த வேகத்துக்குக் குண்டு குழலுக்குள் தடையின்றி இறங்க வேண்டும்; ஆகவே அது குழலைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஆனால் வெளியேறும்போது அது குழலை இறுகப் பற்றி, உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளங்களில் பொருந்திச் சுழல வேண்டும். ஆகவே அது குழலைவிடச் சற்றே பெரியதாக இருக்க வேண்டும். என்ஃபீல்டின் துளை 0.577 அங்குலம், தொடக்ககாலக் குண்டு 0.568. இந்த முரண்பாட்டைத் தீர்த்தது மெல்லிய ஈயமும் குண்டின் அடியிலுள்ள குழிவும்தான். மருந்து பற்றியதும் ஏற்படும் உதையில் அடிப்பகுதியின் மெல்லிய சுவர் விரிந்து பள்ளங்களில் பதிகிறது. பின்னாளில் அந்தக் குழிவுக்குள் முதலில் மரத்தாலும் பிறகு சுட்ட களிமண்ணாலும் ஆன சிறு அடைப்பு ஒன்றை வைத்து, விரிவை உறுதிப்படுத்தினார்கள்.

இங்கேதான் மருந்தின் அளவு ஓர் இடுக்கான சந்துக்குள் மாட்டிக்கொள்கிறது. மருந்து குறைந்தால் அடிச்சுவர் சரியாக விரியாது; குண்டு பள்ளத்தைப் பற்றாமல் வழுக்கி வெளியேறும். மருந்து மிகுந்தால் அதே சுவர் குழல்வாயைத் தாண்டும் கணத்தில், தாங்க எதுவும் இல்லாமல் பாவாடைபோல் விரிந்துவிடும். அந்த விரிவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருப்பதில்லை என்பதால் குண்டு தள்ளாடிச் செல்லும். இன்று என்ஃபீல்டின் நகல்களால் 100 கெஜத்திலுள்ள இலக்கு அட்டையில் சுடுபவர்களில் பலர், படை வகுத்த 68 கிரெயினை விட்டுவிட்டு 40 முதல் 50 கிரெயினுக்குள் தங்கள் துப்பாக்கிக்கு உகந்த அளவைக் கண்டுகொள்வது இதனால்தான். படைக்கு 900 கெஜம்வரை குண்டு போய்ச் சேர வேண்டியிருந்தது. அட்டையில் சுடுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஃபேலோஃபீல்டின் நீண்ட கொட்டகை

விட்வொர்த் துப்பாக்கிக்காரர் அல்லர். தட்டையான உலோகப் பரப்புகளைத் துல்லியமாக உருவாக்கும் முறையாலும், அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் அளவுக் கருவியாலும், திருகாணி மரைக்கு வகுத்த பொது அளவாலும் பெயர் பெற்றவர். 1854இல் படைத் தலைமைத் தளபதி லார்ட் ஹார்டிஞ்ச், என்ஃபீல்டைப் பெருமளவில் செய்வதற்கான இயந்திரங்களை வடிவமைக்குமாறு அவரைக் கேட்டார். ஒரே அச்சில் வார்த்தவை என்று சொல்லப்பட்ட என்ஃபீல்டுகள் ஒன்றுக்கொன்று வேறாகச் சுடுவதைக் கண்ட விட்வொர்த், எது நல்ல குழல் என்று தெரியாமல் அதைச் செய்யும் இயந்திரத்தை வடிவமைக்க முடியாது என்றார். அரசின் செலவில், மான்செஸ்டரை ஒட்டிய ஃபேலோஃபீல்டில் அவருடைய வீட்டு நிலத்தில், 500 கெஜ நீளத்துக்குக் கூரையிட்ட சுடுகூடம் ஒன்று எழுந்தது. முதல் கட்டடம் புயலில் விழுந்தது. மீண்டும் எழுப்பி, 1855இல் சோதனைகளைத் தொடங்கினார்.

குண்டு செல்லும் பாதை நெடுகிலும் மெல்லிய காகிதத் திரைகளை இடைவெளிவிட்டுக் கட்டிவைத்தார். குண்டு ஒவ்வொரு திரையிலும் ஒரு துளையை விட்டுச் செல்லும். அந்தத் துளை வட்டமாக இருந்தால் குண்டு மூக்கு முன்னாகப் போகிறது. நீள்வட்டமாக இருந்தால் சாய்ந்தோ புரண்டோ போகிறது. காற்றும் மழையும் இல்லாத கூடத்தில், எந்தத் திரைக்கு அப்பால் குண்டு தள்ளாடத் தொடங்கியது என்பதையே அவரால் படிக்க முடிந்தது. இன்றும் அட்டையில் விழும் துளையின் வடிவத்தைப் பார்க்காமல் கூட்டத்தின் அகலத்தை மட்டும் அளப்பவர்கள் பாதிச் செய்தியைத் தவறவிடுகிறார்கள்.

மருந்தின் ஆற்றலை இப்படிப் பொருளில் பதித்துப் படிக்கும் பழக்கத்துக்கு ஒரு முன்னோடி உண்டு, அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பும் உண்டு. தொங்கும் ஊசலில் குண்டைச் செலுத்தி, ஊசல் எவ்வளவு பின்னே போகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தை முதன்முதலாகக் கணக்கிட்டு 1742இல் வெளியிட்ட பெஞ்சமின் ராபின்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக வந்து, 1751 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். சுருள் பள்ளமுள்ள குழலே எதிர்காலத்தின் ஆயுதம் என்று அவர் எழுதியபோது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் எவரும் இல்லை.

விட்வொர்த் முதலில் சோதித்தது முறுக்கை. என்ஃபீல்டின் பள்ளங்கள் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுபவை. குழலின் நீளமோ 39 அங்குலம். ஆகவே குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும். விட்வொர்த் 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் மெதுவான முறுக்கிலிருந்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் கடுமையான முறுக்குவரை குழல்களைச் செய்து சுட்டுப் பார்த்து, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதில் நின்றார். வினாடிக்கு 1,200 அடி வேகம் என்று வைத்துக்கொண்டால், என்ஃபீல்டின் குண்டு வினாடிக்கு 185 முறையும் விட்வொர்த்தின் குண்டு 720 முறையும் சுழலும். இந்தச் சுழற்சி கிடைத்த பிறகே அவரால் குண்டை நீளமாக்க முடிந்தது. நீண்ட குண்டு மெதுவாகச் சுழன்றால் புரண்டுவிடும். எடையை 530 கிரெயினிலேயே வைத்துத் துளையை 0.451 அங்குலமாகக் குறைத்தார். குண்டின் குறுக்குப் பரப்பு ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கியது. நீளம் விட்டத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கானது. அதே எடை, குறைந்த முகம். காற்று பிடித்து நிறுத்தும் அளவு குறைந்தது. தொலைவு கூடக்கூட ஹைத் அட்டவணையில் வேறுபாடு விரிந்ததற்கு இதுவே பெரும் காரணம்.

அறுகோணத் துளை பலருக்கும் நினைவில் நிற்பது. ஆனால் எனக்கு அது இந்தக் கதையின் முதன்மைப் பாத்திரமாகத் தோன்றவில்லை. குண்டையும் அறுகோணமாகவே செய்து, உதையை நம்பாமல் பொருத்தத்தை இயந்திரத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பின்னர் அதே குழலில் மெல்லிய ஈயத்தாலான உருளைக் குண்டைக் காகிதம் சுற்றிச் சுட்டபோது, அது உதையில் விரிந்து தானாகவே அறுகோணத்தை நிரப்பி, நன்றாகவே சென்றது. துளையின் அளவு, முறுக்கு, குண்டின் நீளம் ஆகிய மூன்றுமே வேலையைச் செய்தவை. மூலைகளோ பிறகு தொல்லைதான் கொடுத்தன.

ஏன் ஏற்கப்படவில்லை

துளை 0.45 அங்குலம் என்பது படைத் துப்பாக்கிக்கு மிகச் சிறியது என்பது அதிகாரிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்தக் காரணம் நிலைக்கவில்லை: 1871இல் அதே படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் துளையும் 0.45, முறுக்கும் 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இதைக் காட்டி அந்த அதிகாரிகளைக் குருடர்கள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவர்கள் சொன்ன மற்றொரு காரணம் சரியானது என்றே நான் கருதுகிறேன். விட்வொர்த்தின் குழல் சில குண்டுகளுக்குப் பிறகு கசடு படிந்து கெட்டிக்கக் கடினமாகியது.

கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். அது எரிந்தால் முழுவதும் வாயுவாகிவிடுவதில்லை. நோபிள், ஏபெல் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1870களில் மூடிய கலங்களில் எரித்துப் பார்த்தபோது, எடையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி திடப் பொருளாகவே எஞ்சியது. அதில் ஒரு பகுதி புகையாகப் போகிறது. மிச்சம் குழலின் சுவரில் ஒட்டுகிறது. பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகளாலான இந்தக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமான நாளில் அது மசியைப்போல் இளகி இருக்கும்; வறண்ட வெயிலில் ஓடுபோல் இறுகும். முதல் குண்டு செல்லும் குழலும் பதினைந்தாவது குண்டு செல்லும் குழலும் ஆகவே ஒரே குழல் அல்ல. விட்டம் மாறிவிட்டது, உராய்வு மாறிவிட்டது, கெஜக்கோலை அழுத்த வேண்டிய வலிமையும் மாறிவிட்டது. ஒவ்வொரு குண்டுக்கும் இடையே துடைத்துச் சுட்டால் ஒரு வகைத் துல்லியம் கிடைக்கும். துடைக்காமல் சுட்டால் வேறொன்று. விட்வொர்த்தின் துளை இறுக்கமானது, மூலைகள் கொண்டது. கசடு மூலையில்தான் முதலில் தங்கும். சேற்றில் நின்று நாற்பது முறை கெட்டிக்க வேண்டிய வீரரிடம் துடைப்பதற்கு நேரம் இல்லை.

தாராளமான இடைவெளியுள்ள என்ஃபீல்டே இந்தத் தேர்வில் தடுமாறியது, அதுவும் நம் நாட்டில். 1857 தொடக்கத்தில் டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய இடங்களில் என்ஃபீல்டுப் பயிற்சி தொடங்கியபோது தோட்டாவில் பூசிய கொழுப்பு எந்த விலங்கினுடையது என்ற ஐயம் என்ன விளைவித்தது என்பது தெரிந்ததே. அதே கொழுப்புக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அதை அங்கே வைத்ததன் நோக்கம் கசடை இளக்கி அடுத்த குண்டுக்கு வழிவிடுவது. வட இந்திய வெயிலில் அது உருகிக் காகிதத்தில் ஊறி வடிந்துவிட்டது, கசடு இறுகியது, சில சுற்றுகளுக்குப் பிறகு குண்டு பாதிக் குழலில் சிக்கி நின்றதாகப் போர்க்களத்திலிருந்து புகார்கள் போயின. அதன் விளைவாக 1859இல் குண்டின் விட்டம் 0.568இலிருந்து 0.550ஆகக் குறைக்கப்பட்டது. பூச்சிலும் கொழுப்பின் பங்கு குறைந்து தேன்மெழுகின் பங்கு கூடியது. குழலுக்கும் குண்டுக்கும் இடையேயான இடைவெளி 0.009 அங்குலத்திலிருந்து 0.027ஆக, மூன்று மடங்காயிற்று. அந்த அளவுக்கு விரிவைப் பெறும் பொறுப்பு குழிவுக்குள் வைத்த அடைப்பின் தலையில் விழுந்தது. அந்த மருந்தில் கலந்திருந்த வெடியுப்பில் பெரும்பகுதி பீகாரிலிருந்தே கப்பலேறியது என்பதையும் சொல்ல வேண்டும். பீகாரின் மண்ணிலிருந்து போன உப்பு, கசடாகி அந்த மண்ணுக்கே திரும்பி வந்திருந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டு. 1857இல் அவரும் பீகாரில்தான் இருந்தார். கிழக்கிந்திய இரயில்வேயின் பொறியாளராக முங்கேருக்கு வந்த வேளையில் கிளர்ச்சி மூண்டது. உடல்நலம் கெட்டு ஊர் திரும்பிய பின் அவர் வந்தடைந்த வழி விட்வொர்த்தினுடையதற்கு நேர் எதிரானது: பள்ளங்களை மிக ஆழமற்றதாக, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே வெட்டினார், குண்டின் ஈயத்தைச் சற்றே கடினமாக்கினார், அதன் மேல் மெல்லிய காகிதம் சுற்றினார். ஆழமும் மூலையும் இல்லாத இடத்தில் கசடு தங்க இடமில்லை. தங்கினாலும் ஒரு துணியால் முழுவதும் வந்துவிடும். விட்வொர்த் கண்ட துளை அளவையும் நீண்ட குண்டையும் ஏற்றுக்கொண்டு அறுகோணத்தை விட்டுவிட்ட வழிதான் அது. சிறு துளைத் துப்பாக்கி செய்த மற்றவர்களும் அதையே செய்தார்கள்.

1874 செப்டம்பரில் நியூயார்க்கை அடுத்த கிரீட்மோர் களத்தில் அயர்லாந்து அணி, ரிக்பி நிறுவனத்தின் வாய்வழித் துப்பாக்கிகளால் 800, 900, 1,000 கெஜத் தொலைவுகளில், குழலின் பின்புறமாகக் கெட்டிக்கும் பின்வழித் துப்பாக்கிகள் கொண்ட அமெரிக்க அணியிடம் 931க்கு 934 என்ற மூன்றே புள்ளிகளில் தோற்றது. அதிலும் அயர்லாந்துக்காரர் ஒருவர் தவறுதலாகப் பக்கத்து இலக்கின் நடுவில் சுட்டதால் அந்தக் குண்டுக்குப் புள்ளி கிடைக்கவில்லை. துடைக்க நேரம் தரப்பட்ட களத்தில் வாய்வழிக் குழல் எவருக்கும் சளைத்ததாக இல்லை.

இன்று ஒருவர் செய்வது

ஒரு வாய்வழித் துப்பாக்கிக்கு இன்று கெட்டிப்புத் தேடுபவர், இந்த வரலாற்றை அறிந்தோ அறியாமலோ, அதே வரிசையில்தான் நடக்கிறார். முதலில் துளையை அளக்கிறார். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை நம்புவதில்லை. அடுத்து முறுக்கைப் பார்க்கிறார்: மெதுவான முறுக்கானால் துணி சுற்றிய உருண்டைக் குண்டு, விரைவான முறுக்கானால் நீண்ட குண்டு. மூன்றாவதாகப் பூச்சையும் துடைப்பையும் முடிவு செய்து, அதை மாற்றாமல் வைத்துக்கொள்கிறார். மருந்தின் அளவு அதற்குப் பிறகுதான். துப்பாக்கி செய்தவர் குறித்த கீழெல்லையில் தொடங்கி, மேலெல்லையைத் தாண்டாமல், ஐந்து ஐந்து கிரெயினாகக் கூட்டி, ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து குண்டுகள் சுட்டு, கூட்டம் சுருங்கி மீண்டும் விரியத் தொடங்கும் இடத்தைக் கண்டு, அந்த இடத்தைச் சுற்றி இன்னும் சிறு படிகளில் தேடுகிறார்.

துடைப்பதையே கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். சற்றே நனைத்த துணித்துண்டு கெஜக்கோலின் நுனியில் இறங்குகிறது. குழலின் மேற்பகுதியில் அது வழவழவென்று போகிறது. மருந்து எரிந்த இடத்துக்குச் சற்று மேலே, சென்ற குண்டு உட்கார்ந்திருந்த மட்டத்தில், கை திடீரென்று ஒரு தடையை உணர்கிறது. அது கசடின் வளையம். துணியை அங்கேயே முன்னும் பின்னும் இரண்டு முறை ஆட்டி எடுத்தால் மசிபோல் கறுத்து வருகிறது. அடுத்து ஓர் உலர்ந்த துணி. இந்த வளையத்தைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த குண்டு அதன் மேலேயே நின்றுவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் உண்டாகும். அந்த நிலையில் சுட்டால் குழல் உப்பலாம், வெடிக்கவும் செய்யலாம். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கெஜக்கோலில் இரண்டு கோடுகள் கீறி வைத்திருக்கிறார்கள்: ஒன்று வெறும் குழலுக்கு, மற்றொன்று சரியாகக் கெட்டித்த குழலுக்கு. கெட்டித்த பின் இரண்டாவது கோடு குழல்வாய்க்கு மேலே நின்றால் சுடுவதில்லை. மருந்தைக் குடுவையிலிருந்து நேரே குழலில் கொட்டுவதும் இல்லை. அணையாத பொறி ஒன்று உள்ளே கிடந்தால் குடுவையே கையில் வெடிக்கும். கருமருந்துக்குப் பதிலாகப் புகையற்ற மருந்தை ஒரு சிட்டிகைகூட இந்தக் குழல்கள் தாங்கா.

வாய்வழித் துப்பாக்கிகளுக்கான உலகப் போட்டிகளில் 100 மீட்டர் தொலைவில், படுத்த நிலையில் சுடும் இரண்டு பிரிவுகள் நடக்கின்றன. படைத் துப்பாக்கிகளுக்கான பிரிவின் பெயர் மின்யே. என்ஃபீல்டு அதில் வரும். கட்டுப்பாடற்ற துப்பாக்கிகளுக்கான பிரிவின் பெயர் விட்வொர்த். இரண்டிலும் 30 நிமிடத்தில் 13 குண்டுகள் சுட வேண்டும். அவற்றில் சிறந்த 10 மட்டுமே கணக்கில் சேரும். குண்டு ஒன்றுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம் 18 வினாடி. நனைந்த துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று, மருந்து, குண்டு, கெஜக்கோலின் கோட்டை ஒரு முறை பார்ப்பது, வெடித்தொப்பி: அதற்கு அந்த நேரம் போதும்.